பல்லியமும் பதிவும்: திருவாசகப் பேரிசை குறித்து ஓர் ஆய்வு

‘பல்லியம்’ என்னும் சொல் சங்க நூல்களில் வழங்குவது. இயம் என்பது இசைக்கருவி. பல இயங்கள் கூடியது பல்லியம். இச்சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கிய புலவர் இருவரைத் தொகை நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. நெடும்பல்லியத்தனார் பாடியனவாகக் குறுந்தொகையில் ஒன்றும் (203) புறநானூற்றில் ஒன்றும் (64) உள; நெடும்பல்லியத்தை பாடியதாகக் குறுந்தொகையில் ஒன்று (178) உளது. இவருள் முன்னவரது புறப்பாட்டு, யாழையும் ஆகுளியையும் பதலையையும் சேரக் கட்டிக்கொண்டு முதுகுடுமியைக் காணச் செல்வோமா என்று விறலியை வினவும் பாட்டாகும். மலைபடுகடாத்தின் தொடக்கத்திலும் கூத்தர் தம் பைகளில் இட்டுச் சுமந்து செல்லும் கருவிகள் நீண்டதொரு வரிசையாக வருகின்றன. ஆகவே, பல கருவிகள் கூடி ஒலிக்கும் இசை தமிழர்க்குப் புதியதன்று. எனினும், மேனாட்டார் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று வழங்குவதைப் பல்லியம் என்று நாம் மொழிபெயர்க்கும்போது, சொல் பொருந்துகிறதே அன்றிப் பொருள் முற்றும் பொருந்துகிறதா என்பது ஆராய்தற்குரியது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் கருவிகள் ஒலிக்கும் முறையை இளங்கோவடிகள் வகுத்துரைக்கின்றார். குழலைத் தொடர்ந்து யாழ் செல்கின்றது. யாழைத் தொடர்ந்து தண்ணுமை. அதன் பின்னே முழவு. முழவோடு இயைந்து ஆமந்திரிகை. ஆமந்திரிகையை இடக்கை என்று அடியார்க்கு நல்லார் கொள்வர். இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கருவிகள் பலவாயினும் அவை செல்லும் வழி ஒன்றே. முன் செல்லும் கருவியின் அடிச்சுவட்டில் பின் வரும் கருவி கால் வைக்கின்றது. இன்றும் கச்சேரி மேடையில் பாடகர் பின் வயலினும், அதனோடு மிருதங்கமும் கடமும் செல்வது இம்முறையை ஒட்டியதே.

சிம்பொனி என்னும் மேனாட்டுப் பேரிசை இதனின் வேறானது. அதிற் குழல் ஒரு வழியும், வயலின் ஒரு வழியும், செல்லோ பிறிதொரு வழியும் செல்லும். மூன்றும் ஒரே காலத்தில் ஒலிக்கும். மூன்றின் சேர்க்கையில் மூன்றினும் தனித்தனியே இல்லாத நான்காவது ஒன்று பிறக்கும். இலக்கியம் கற்றார்க்கு விளங்குமாறு கூறின், ஒரு செய்யுளைப் பதின்மர் சேர்ந்து ஓதுவது நம் பல்லியம். பதின்மர் பத்துச் செய்யுட்களை ஒரே நேரத்தில் ஓத, அவை தம்முள் மாறுபடாது ஒரு பொருள் பயப்பது சிம்பொனி. செய்யுளில் இஃது இயலாது. இரு சொற்கள் ஒருங்கே ஒலித்தால் இரண்டும் கெடும். இசையில் இயலும். மேனாட்டார் அதனை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தனர்.

இவ்வேறுபாட்டிலிருந்து மற்றொன்று போதருகின்றது. ஒரே வழியிற் செல்லும் இசையை நினைவில் வைத்தல் கூடும். குரு பாட மாணவர் கேட்டுப் பயிலலாம். எண்பது தொண்ணூறு பேர் பல வழியிற் செல்லும் இசையை எவரும் நினைவால் நடத்த இயலாது. ஆகலின் சிம்பொனிக்கு எழுத்து இன்றியமையாததாயிற்று. ஐந்து கோடுகளின் மேல் சுரங்களைக் குறித்து, கருவிதோறும் ஒரு வரியாக, ஒரே பக்கத்தில் இருபது முப்பது வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அமைக்கும் சுவடியே அவ்விசையின் மூலம். அரங்கில் ஒலிப்பது அம்மூலத்திற்கு இசைநடத்துநர் ஒருவர் செய்யும் உரை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

நம் நாட்டிலும் இசையை எழுத்தில் நிறுத்தும் முயற்சி நிகழாமல் இல்லை. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த இசைக் கல்வெட்டு ஏழு பகுதியாக ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகளைத் தருகின்றது. இதனை முதலாம் மகேந்திரவர்மன் செய்ததாகக் கூறுவாரும் உளர். அதனை மறுப்பாரும் உளர். யார் செய்ததாயினும், கடல்மல்லைப் பாறைகளைக் குடைந்து கோயிலாக்கிய ஒரு காலத்தின் கல்வினைஞர் இசையையும் பாறையில் ஏற்றினர் என்பது வியத்தற்குரியதே. ஆனால் அச்சுரக்கோவை எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று துணிந்து பாடிக் காட்டுவார் இல்லை. எழுத்து நின்றது, ஒலி போயிற்று. மறுதலையாக, நம் கோயில்களில் ஓதுவார் மரபில் ஒலி நின்றது, எழுத்து இல்லை. ஒன்று மட்டும் நிற்பின் இசை முழுமையாக நிற்பதில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

மேனாட்டுச் சுரக்குறிப்பும் பல்லியமும் தமிழகத்தை அடைந்த வரலாற்றில், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த மணலிக்கு ஓர் இடம் உண்டு. மணலியில் வாழ்ந்த வேங்கடகிருட்டிண முதலியார் இராமசாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தவர். அவர் வழியாகத் தீட்சிதரின் மைந்தர் சென்னைக் கோட்டையிற் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டனர் என்பதும், அவருள் பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றனர் என்பதும் அம்மரபினர் வழிவந்த செய்தி. முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தார். அவையே நோட்டுசுரங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது ஆங்கில நாட்டு அரச வாழ்த்தின் மெட்டு. இவ்வாறு நம்மவர் மேனாட்டிசையிலிருந்து முதலில் எடுத்துக்கொண்டது மெட்டு ஒன்றையே என்பது நோக்கத்தக்கது. மேல் ஒலித்த வரியைக் கொண்டனர். அதன்கீழ் வேறு வழியிற் சென்ற வரிகளை விட்டனர். இதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது. ஒருவழி இசையிற் பழகிய செவி ஒருவழியையே கேட்கும். 1892-இல் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐந்துகோட்டுக் குறிப்பில் எழுதி வெளியிடத் தொடங்கியது அடுத்த படி. அதுவும் நம் இசையை மேனாட்டு எழுத்தில் தந்ததே அன்றி, மேனாட்டு முறையில் நம் இசையை அமைத்ததன்று.

இனி ஒலிப்பதிவைப் பற்றிச் சிறிது கூறுவோம். சிம்பொனியைத் தட்டிற் பதிவு செய்தல் தொடக்கத்தில் மிக இடர்ப்பாடுடையதாயிருந்தது. மின்விசை ஒலிவாங்கி வாராத அக்காலத்தில் ஊதுகுழல் போன்ற பெரிய கூம்பின்முன் கருவியாளரெல்லாம் நெருங்கி அமர வேண்டும். ஒலி கூம்பின் வழியே சென்று ஊசியை அசைக்க, ஊசி மெழுகிற் கோடு கீறும். மெல்லிய ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஊசியை அசைக்கும் வலிமையற்றன. ஆதலின் டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியை நீக்கி, அதன் பங்கை டியூபா என்னும் பித்தளைக் கருவியால் ஊதுவித்தனர். வயலினுக்கும் கூம்பு பொருத்தினர். இந்நிலையிலும் 1913-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆர்தர் நிகிஷ் என்னும் இசைநடத்துநர் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முழுமையும் பதிவு செய்தார். முழுச் சிம்பொனியொன்றின் மிகப் பழைய பதிவுகளுள் இஃது ஒன்று. ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்தின் மேல் சிறிதே கொள்ளும் தட்டில் அவ்விசை எட்டுப் பக்கமாகப் பிரிந்து நின்றது. கேட்போர் ஏழு முறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும்.

1925-இல் மின்விசைப் பதிவு வந்தது, கூம்பு போயிற்று, டபுள் பாஸ் தன் இடத்திற்கு மீண்டது. 1948-இல் கொலம்பியா நிறுவனத்தார் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீள்நேரத் தட்டை வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் கொண்டது. 1958 முதல் இருசெவிப் பதிவுத் தட்டுகள் கடைக்கு வந்தன. 1982-இல் குறுந்தட்டு வந்தது. ஒன்பதாம் சிம்பொனி முழுதும் ஒரே தட்டில் அடங்க வேண்டுமென்றே அதன் அளவை முடிவு செய்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. அதனைச் செய்த பொறியாளருள் ஒருவரே அதனை ஐயுற்றுரைத்தலின், கம்பர்க்கும் ஒட்டக்கூத்தர்க்கும் நிகழ்ந்தனவாக வழங்கும் கதைகளோடு இதனையும் சேர்த்து வைக்கலாம்.

தட்டின் அளவு இசையின் அளவை மாற்றியது இரு நாட்டிற்கும் பொது. நம் பாடகர் ஆலாபனையைச் சுருக்கி, நிரவலை நீக்கி, மூன்று நிமிடத்திற் கீர்த்தனையை முடித்தனர். மேனாட்டில் ஸ்டிராவின்ஸ்கி 1925-இல் தாம் இயற்றிய பியானோ இசையொன்றின் ஒவ்வொரு பகுதியையும் தட்டின் ஒரு பக்கத்திற்குள் அடங்குமாறே அமைத்தார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுருங்கிய பதிவைக் கேட்ட மேனாட்டு மாணவன் சுவடியைத் திறந்து விடுபட்டது யாது என்று அறியலாம். நம் மாணவனுக்கு அத்தகைய சுவடி இல்லை. தட்டே அவனுக்கு மூலம், தட்டே உரை.

இவ்வளவும் முன்னுரை. நாம் எடுத்துக்கொண்டது, மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தின் சில பகுதிகளுக்கு இளையராஜா பல்லிய இசை அமைத்து, 2005-ஆம் ஆண்டு சென்னையில் வெளியிடப்பெற்ற பதிவு. பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை முறையைப் பயின்று, 1976 முதல் திரைப்படங்களுக்கு இசையமைத்து வருபவர். 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைக்கோவையைத் தியாகராசர்க்கும் பாகிற்கும் உரிமையாக்கினார். அதில் வி. எஸ். நரசிம்மன் வயலின் வாசித்தார். திருவாசகப் பதிவில் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினர் வாசிக்க, இலாஸ்லோ கோவாச் என்பார் நடத்தினார். தமிழ்ப்பகுதியைப் பெரும்பாலும் இளையராஜாவே பாடியுள்ளார். ஆங்கிலப் பகுதிகளை எழுதியவர் அமெரிக்கரான ஸ்டீபன் சுவார்ட்ஸ். தமிழ் மையம் என்னும் அமைப்பு இதனை வெளிக்கொணர்ந்தது.

முதற்கண் பெயர். இதனைத் ‘திருவாசகச் சிம்பொனி’ என்றே மக்கள் வழங்குகின்றனர். இலக்கண வரம்பிற்குட்பட்டு நோக்கின் இது சிம்பொனி அன்று. சமயப் பொருளைத் தனிக்குரலும் குழுக்குரலும் பல்லியமும் சேர்ந்து பாடும் ‘ஆரட்டோரியோ’ என்னும் வகையைச் சார்ந்தது. சிம்பொனி பெரும்பாலும் சொல்லற்றது. ஆரட்டோரியோ சொல்லால் ஆயது. வெண்பாவை விருத்தம் என்று வழங்கினால் நாம் பொறுக்கமாட்டோம்; பிறர் இலக்கணத்தையும் அவ்வாறே மதித்தல் வேண்டும். எனினும், வழக்கு வலியது. சிம்பொனிக் குழு வாசித்த இசை என்ற கருத்தில் ஆகுபெயராகக் கொண்டால் இடர்ப்பாடு நீங்கும். இக்கட்டுரையில் ‘பேரிசை’ என்னும் பொதுப்பெயர் அதுபற்றியே ஆளப்பெற்றது.

திருவாசகத்தில் 51 பகுதிகள் உள்ளன. அவற்றுள் திருக்கோத்தும்பி, யாத்திரைப் பத்து, சிவபுராணம், பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய ஆறிலிருந்தே பாடல்கள் எடுக்கப்பெற்றுள்ளன. இத்தேர்வு தற்செயலானதன்று என்பது என் கருத்து. யாப்பை நோக்குக: சிவபுராணம் கலிவெண்பா, கோத்தும்பி நாலடித் தரவு கொச்சகக் கலிப்பா, பிடித்த பத்து எழுசீர் ஆசிரிய விருத்தம். ஓசை வேறுபாடு தானே அமைந்துள்ளது. பேசும் முறையை நோக்குக: கோத்தும்பி வண்டை விளித்துக் கூறுவது, பொற்சுண்ணம் மகளிர் பலர் கூடி உலக்கை கொண்டு இடிக்கும்போது பாடுவது, யாத்திரைப் பத்து அடியாரை உடன் வருமாறு அழைப்பது, பிடித்த பத்து இறைவனைப் பற்றிக்கொண்ட ஒருவனின் தனிக்கூற்று. தனிக்குரலும் குழுக்குரலும் மாறி மாறி வரவேண்டிய ஓர் இசைவகைக்கு இதனினும் பொருத்தமான தேர்வு அரிது. பொற்சுண்ணத்தில் குழுக்குரல் இசையமைப்பாளர் புகுத்தியதன்று, மூலத்திலேயே உள்ளது. மாணிக்கவாசகர் தொழிற்பாட்டின் வடிவை எடுத்துக்கொண்டபோதே பலர் குரலையும் அதனுள் வைத்துவிட்டார்.

ஒருசாரார் இம்முயற்சியை மறுத்துரைத்தனர். அவர் கூற்றும் எண்ணத்தக்கதே. திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது கோயில் மரபு. தேவாரத்திற்குப் பண் வகுத்த மரபினர் திருவாசகத்திற்குப் பண் வகுத்திலர். ஓதும் முறையே அதற்கு வழக்காயிற்று. அம்முறையில் இசை சொல்லுக்கு அடங்கி நடக்கும். உருகுதல் சொல்லால் நிகழ்வது. பல்லியம் அவ்வுருக்கத்தை மூடிவிடும் என்பது அவர் அச்சம். இதற்கு விடை மூலத்திலிருந்தே காணல் வேண்டும். திருவாசகம் முழுதும் ஒரே உருக்கமுடையதன்று. அச்சப்பத்தில், உலகத்தார் அஞ்சுவனவற்றையெல்லாம் அடுக்கி, அவற்றுக்கு யான் அஞ்சேன் என்று கூறும் வீறு உள்ளது. சிவபுராணத்தில் புல் முதலாகத் தேவர் ஈறாகப் பிறந்து இளைத்த நெடும்பயணம் உள்ளது. இவை தனிக்குரலின் உருக்கத்தில் அடங்காத விரிவுடையன. பிறவித்தொடரைக் கூறும் அப்பகுதியை உள்ளடக்கிய பாடலே இப்பதிவில் மிக நீண்டது. ஏறத்தாழ இருபது நிமிடம் செல்வது. பழைய தட்டில் இஃது நான்கைந்து பக்கமாக வெட்டுண்டிருக்கும்.

அதே பாடலில் தமிழும் ஆங்கிலமும் மாறி வருகின்றன. ஜி. யு. போப் 1900-இல் திருவாசகத்தை முற்றும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது படிப்பதற்குரியது. சுவார்ட்ஸ் எழுதியது பாடுதற்குரியது. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன்று, கருத்தைத் தழுவியது. ஆங்கிலம் சொல்லழுத்தத்தால் நடக்கும் மொழி. தமிழ் குறில் நெடில் அளவால் நடக்கும் மொழி. இரண்டையும் ஒரே இசைத்தொடரில் அமைத்தால் ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். என் செவிக்கு, இப்பதிவில் ஆங்கிலமே இயல்பாகக் குழுக்குரலில் அமர்கின்றது. தமிழ் தனிக்குரலிலேயே தன் நெடில்களை முழு அளவில் ஒலிக்கின்றது. இதனை ஒருவாறு குறை என்றே கருதுகின்றேன். பிறர் வேறு கருதுதல் கூடும்.

இப்பதிவை, செங்கற்பட்டுக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து வரும் என் மாணவர்க்குப் பலமுறை கேட்பித்துள்ளேன். முதன்முறை கேட்டபின் என்ன கேட்டீர் என்று வினவினால், எல்லாரும் சொல்லையும் மெட்டையுமே கூறுவர். தாழ்ந்த தந்திக் கருவிகள் எவ்வழிச் சென்றன என்று கேட்டால், அப்படி ஒன்று இருந்ததோ என்பர். மணலியிற் கண்ட செய்தி இதுவே: மேல் வரியைக் கேட்ட செவி கீழ்வரியைக் கேட்டிலது. இதற்கு மாறான ஒன்றை அணுபுரத்திற் கண்டேன். அணுவாற்றல் துறை ஊழியர் குடியிருப்பாகிய அவ்வூரில் பிறமாநிலத்தாரும் வாழ்கின்றனர். அவருட் சிலர் இதனைக் கேட்டபோது, தமிழ் அறியாராகலின் சொல்லை விட்டுக் கருவிகளையே பின்தொடர்ந்தனர். எக்கருவி எங்கே புகுந்தது, எங்கே ஒழிந்தது என்று நுட்பமாகக் கூறினர். ஆனால் பாடுவோன் வண்டோடு பேசுகின்றானா, அடியாரோடு பேசுகின்றானா என்பது அவர்க்குத் தெரிய வழியில்லை. பாதி கேட்டவர் இருசாராரும். முழுதும் கேட்பதற்குத் தமிழ் மாணவர் செய்யத்தக்கது எளிது. பாடலை முன்னரே படித்து மனத்திற் கொண்டு, ஒரு முறை சொல்லைக் கேட்க; பின் ஒரு முறை சொல்லை விடுத்துச் செல்லோவையும் டபுள் பாஸையும் மட்டும் தொடர்க; அதன் பின்னரே இரண்டையும் சேர்த்துக் கேட்க.

ஈண்டு ஒன்று கூறாமல் இருக்க இயலவில்லை. மாணவர் பலர் இத்தகைய பேரிசையைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிற் கேட்கின்றனர். விரலளவான அவ்வொலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தர வல்லதன்று. 1913-இல் கூம்பு இழந்த அதே டபுள் பாஸைக் கைப்பேசியும் இழக்கின்றது. செவியில் அணியும் நல்லதொரு கருவி இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும்.

இனி இக்கட்டுரையின் முதன்மைக் கருத்திற்கு வருவோம். ஒரு நூலைப் பதிப்பிப்பார் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்பர். பல ஏடு கிடைப்பின், ஆசிரியர் எழுதியது எது, எழுதுவோர் பிழை எது என்று ஒருவாறு துணியலாம். ஓர் ஏடே கிடைப்பின் அத்துணிபு அரிது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு நிகிஷின் பதிவு உண்டு. 1974-இல் கார்லோஸ் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவை நடத்திச் செய்த பதிவு உண்டு. இடையிலும் பின்னும் எண்ணிறந்தன உண்டு. அவற்றை ஒப்பிட்டு, எல்லாவற்றினும் பொதுவாய் நிற்பது பீத்தோவனுடையது, வேறுபடுவது நடத்துநருடையது என்று கேட்போர் அறிகின்றனர். ஐயமுற்ற இடத்து அச்சிட்ட சுவடி உள்ளது. திருவாசகப் பேரிசைக்கோ நாம் கேட்டு வருவது 2005-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றே. ஓரிடத்தில் பல்லியம் தயங்கி நடக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அத்தயக்கம் இளையராஜா எழுதியதா, கோவாச் வேண்டியதா, பதிவை இணைத்தோர் செய்ததா? பதிவு ஒன்றை மட்டும் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. ஓரேட்டுப் பதிப்பின் இடர்ப்பாடு முழுதும் இங்கே உளது.

இதனினும் கடியது பிறிதொரு செய்தி. 1993-இல் இளையராஜா ஒரு சிம்பொனி இயற்றினார். இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் ஜான் ஸ்காட் நடத்த அதனை வாசித்தனர், பதிவும் நிகழ்ந்தது. ஆனால் அப்பதிவு வெளியிடப்பெறாமலே பல்லாண்டுகள் கழிந்தன. தமிழர் ஒருவர் எழுதிய முழுச் சிம்பொனி என்று நாளிதழ்கள் பாராட்டிய ஒன்றை, பாராட்டிய எவரும் கேட்டிலர். பின்னர் 8-3-2025 அன்று இலண்டன் அப்பல்லோ அரங்கில் ‘வேலியண்ட்’ என்னும் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அதனையே முதற் சிம்பொனி என எண்ணிட்டு வழங்குகின்றனர். எனின், 1993-இல் இயற்றியதற்கு எவ்வெண் இடுவது? நூல்களின் கால வரிசையை ஆராய்வார் எதிர்கொள்ளும் வினா, வாழும் ஒருவர் படைப்பில் இப்பொழுதே எழுந்துவிட்டது. தகடூர் யாத்திரையும் முத்தொள்ளாயிரமும் மேற்கோள்களாகச் சிதறி நிற்பதை நாம் இரங்கிப் பேசுகின்றோம். அவை அழிந்தபோது தடுக்க இயன்றவர் யாவர் என்பது நமக்குத் தெரியாது. இங்கோ இயற்றியவர் உள்ளார்; சுவடி எழுத்தில் எழுதப்பெற்றது; வாசித்த குழு உள்ளது.

இசைச் சுவடியைத் தமிழாராய்ச்சிக்குப் புறம்பானதாகக் கருதுவாரும் உளர். திருவாசகத்திற்கு உரை எழுதியோர் பலர்; அவர்தம் உரையை நாம் பாடமாக வைக்கின்றோம். எச்சொல்லை நீட்டுவது, எச்சொல்லில் நிறுத்துவது, எவ்விடத்தில் பலரைப் பேசவிட்டு எவ்விடத்தில் ஒருவனைத் தனியே விடுவது என்று முடிவு செய்த இசையமைப்பாளரும் ஒருவகை உரையாசிரியரே. அவ்வுரையின் எழுத்து வடிவு சுவடியிலேயே உள்ளது. ஆகவே திருவாசகப் பேரிசையின் சுவடிப் படியொன்றைத் தமிழ்த்துறை நூலகங்கள் உரிமையுடையோரிடம் இசைவு பெற்று, உரைநூல்களோடு வைத்துப் பேணுதல் தகும். பதிவின் நேரத்தை நிமிடம் நொடியாகக் குறித்து, எப்பாடலின் எவ்வடி எங்கே வருகின்றது என்னும் அகராதி ஒன்றை முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்துவிடலாம். ஐந்துகோட்டுக் குறிப்பைப் படிக்கக் கற்பதும் அரிதன்று. கிரந்த எழுத்தையும் வட்டெழுத்தையும் கற்ற நம் மாணவர்க்கு அது சில திங்களில் கைவரும். சென்னையில் 2008-இல் ஏ. ஆர். இரகுமான் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களில் மேனாட்டிசை பயின்ற இளைஞர் உள்ளனர். அவரிடம் யாப்பில்லை; நம்மிடம் சுரக்குறிப்பில்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் பணி நடக்கும்.

ஆறு பகுதிகள் போக எஞ்சியவற்றுள் பல்லிய இசைக்கு மிகவும் ஏற்றது திருச்சதகம் என்று எனக்குத் தோன்றுகின்றது. நூறு பாடல்களும் அந்தாதியாய் அமைந்தவை. பத்துப் பத்தாகப் பிரிந்து யாப்பு மாறுபவை. ஆயினும் முடிந்த சொல்லே தொடங்கும் சொல்லாதலின் பிரிவு பிரிவாகத் தோன்றாது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலும் மூன்றாம் பகுதி முடியாமலே நான்காம் பகுதிக்குள் சென்று விடுகின்றது. கேட்போர் மூச்சு விடுவதற்குள் இருள் ஒளியாகி விடுகின்றது. அந்தாதித் தொடையை அவ்வாறு இசையால் தொடுப்பார் உளராயின், தட்டைத் திருப்ப வேண்டாத இக்காலத்துப் பதிவில் நூறு பாடலும் இடையறாமல் ஒலிக்கும்.